அடுத்த இயர்போன் வாங்கும் முன்: ரயிலில் பாட்டுக் கேட்பவர்களுக்கு

கைப்பேசிப் பெட்டிக்குள் வந்ததையோ, அவசரத்துக்குப் பதினைந்து சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கியதையோ வைத்து இத்தனை நாள் ஓட்டியாயிற்று, இனி உருப்படியாக ஒன்று வாங்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் குறிப்புகள். கம்பியோடு வரும், காதுக்குள் செருகிக்கொள்ளும் வகையைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசப்போகிறோம். கடைகளில் இதை ஐஇஎம் என்பார்கள். மேடையில் பாடுபவர்கள் தங்கள் குரலைத் தாங்களே கேட்பதற்காகக் காதில் மாட்டிக்கொள்ளும் கருவியிலிருந்து வந்த பெயர்.

முதலில், இப்போது இருப்பதில் என்ன குறை?

"நல்ல சவுண்டா ஒண்ணு குடுங்க" என்று கடையில் போய் நின்றால் விலை கூடியது ஒன்று கைக்கு வரும். அது உங்கள் குறையைத் தீர்க்குமா என்பது வேறு கேள்வி. போகும் முன்பே குறையை ஒரு வரியில் சொல்லிப் பழகுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு குறைக்கும் மருந்து வேறு.

பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, போதவில்லை என்றால் பெரும்பாலும் அது இயர்போனின் குற்றமே அல்ல. ரப்பர் டிப் காதைச் சரியாக அடைக்கவில்லை. பாடகியின் 'ச', 'ஸ', 'ஷ' ஊசியாய்க் குத்துகிறது என்றால் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் ஒலி மேடிட்டிருக்கிறது, அல்லது இயர்போன் காதில் போதிய ஆழம் போகவில்லை. குரல் வாத்தியங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது என்றால் அந்த இயர்போனின் டியூனிங்கே அப்படி. அதற்கு வேறு செட்தான் வழி. ரயிலில் ஒன்றுமே கேட்கவில்லை என்றால் வெளிச்சத்தத்தை அது தடுப்பதில்லை. அரைமணி நேரத்தில் காது வலிக்கிறது என்றால் நாசில் (டிப் மாட்டும் குழல் முனை) தடிமன், அல்லது கூடு (இயர்போனின் உடல்) உங்கள் காது மடலுக்குப் பெரிது.

இந்த ஐந்தில் இரண்டு, சில நேரம் மூன்று, இருபது வெள்ளிக்குள் தீர்ந்துவிடும். அதனால் டிப்பிலிருந்து தொடங்குவோம்.

டிப்: பட்டாணி அளவு ரப்பர், பாதி வேலை அதனுடையது

காதுக் குழாயும் இயர்போனும் சேர்ந்தால் அது ஒரு குட்டி மூடிய அறை. அதில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் முதலில் ஓடிப்போவது தாழ்ந்த ஒலிகள். மேல் ஒலிகள் அப்படியே நிற்கும். கேட்பவருக்குத் தகர டப்பாவில் பாட்டு வருவதுபோல் இருக்கும். ஐந்நூறு வெள்ளி கொடுத்து வாங்கியதும் கசிந்தால் இப்படித்தான் ஒலிக்கும்.

பாட்டே போடாமல் கசிவைக் கண்டுபிடிக்கலாம். இரு பக்கமும் செருகிக்கொண்டு, வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகுங்கள். குடத்துக்குள் பேசுவதுபோல் உங்கள் குரல் தலைக்குள் முழங்கினால் அடைப்பு சரி. ஒரு காதில் முழங்கி இன்னொன்றில் முழங்கவில்லையென்றால் அங்கே கசிகிறது. அடுத்து, கைப்பேசியில் 40 ஹெர்ட்ஸ் ஒலியை மெல்லிய சத்தத்தில் ஓடவிட்டு, விரலால் கூட்டை லேசாக உள்நோக்கி அழுத்துங்கள். அழுத்தும்போது பேஸ் கூடினால் இன்னும் அடையவில்லை என்று பொருள். கடைசியாக வாயை அகலத் திறந்து மூடுங்கள். தாடை அசைந்தால் காதுக் குழாயின் முன்சுவரும் நகரும். பரோட்டா மெல்லும்போது பேஸ் வந்து வந்து போவது இதனால்தான். இந்த மூன்றிலும் தேறிய டிப்தான் உங்களுடையது.

பெட்டியில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று இருக்கும். ஏற்கெனவே மாட்டியிருக்கும் நடுத்தரத்தையே பலர் ஆயுசு முழுக்கப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பெரியதில் தொடங்கி, அது அழுத்தினால் ஓர் அளவு இறங்குங்கள். வலக்காதும் இடக்காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒன்றில் பெரியது, மற்றதில் நடுத்தரம் என்று போடுவதில் தவறே இல்லை.

செருகும் முறையும் முக்கியம். வலக்காதுக்கு, இடக்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடியுங்கள். குழாய் நிமிரும். அப்போது வலக்கையால் இயர்போனை லேசாகத் திருகியபடி உள்ளே விடுங்கள். வயரைக் காதுக்கு மேலாகக் கொண்டுபோய்ப் பின்பக்கம் இறக்கும் வகை என்றால் முதல் வாரம் தொல்லையாக இருக்கும், பிறகு கை பழகிவிடும். அதனால் ஒரு பலனும் உண்டு: நடக்கும்போது வயர் சட்டையில் உரசும் 'சரக் சரக்' காதுக்கு ஏறுவது வெகுவாகக் குறையும்.

செருகும் கணத்தில் காகிதம் கசங்குவதுபோல் ஒரு சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே அடைபட்ட காற்று டிரைவரின், அதாவது ஒலியை எழுப்பும் உறுப்பின், மென்தகட்டை அழுத்துகிறது, அவ்வளவுதான். மெதுவாகச் செருகினால் குறையும். கூட்டில் ஊசித்துளை அளவில் ஒரு காற்றுத்துளை இருக்கும். அதை விரலால் மூடிக்கொண்டு செருகுபவர்களுக்குத்தான் இது அதிகம் வரும்.

சிலிக்கான் ஒத்துவராதவர்கள் நுரை டிப்பைப் பார்க்கலாம். கம்ப்ளை என்ற பெயரில் கிடைப்பவை பிரபலம். அதை விரல்களுக்கு நடுவே உருட்டி மெல்லிய குச்சியாக்கி, காதில் விட்டு, 20 முதல் 30 நொடி பிடித்துக்கொள்ள வேண்டும். அது விரிவதற்குள் கையை எடுத்துவிட்டு "இது அடைக்கலியே" என்பவர்கள் நிறைய. குளிர்சாதன அறையில் நுரை விறைத்துப்போய் இன்னும் மெதுவாக விரியும். நுரை மேல் ஒலிகளைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். 'ஸ' குத்துகிறது என்பவர்களுக்கு அது வரம். ஏற்கெனவே மந்தமாக ஒலிக்கும் இயர்போனுக்குச் சாபம். இந்த ஊர் வியர்வைக்கு இரண்டு மூன்று மாதத்தில் மாற்ற வேண்டிவரும், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

டிப் தனியாக வாங்கும்போது நாசில் தடிமனைப் பாருங்கள். ஷூர், எடிமோட்டிக், வெஸ்டோன் ஆகியவற்றின் நாசில் மெலிந்தது. மற்றவை பெரும்பாலும் 5 முதல் 6 மில்லிமீட்டர். மெலிந்ததற்கு வாங்கியது தடித்ததில் ஏறாது. தடித்ததற்கு வாங்கியது மெலிந்ததிலிருந்து கழன்று காதுக்குள்ளேயே தங்கிவிடும். சிலிக்கானில் வாய் அகன்ற டிப் மேல் ஒலிகளை அப்படியே விடும், வாய் குறுகியது அவற்றைச் சற்றே தணித்து பேஸைத் தூக்கிக் காட்டும். ஸ்பின்ஃபிட், அஸ்லா, ஃபைனல் டைப்-ஈ போன்றவற்றில் ஓரிரு வகை வாங்கிப் பழைய இயர்போனிலேயே ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். அதிலேயே மனம் நிறைந்துவிட்டால் மிச்சமான பணத்துக்கு லிட்டில் இந்தியாவில், தேக்காவில் நல்ல சாப்பாடு சாப்பிடலாம்.

சுரங்கப் பாதையும் சத்தக் கணக்கும்

வடகிழக்குப் பாதையும் டௌன்டவுன் பாதையும் முழுக்க நிலத்தடியில் ஓடுகின்றன. சுரங்கத்தில் ரயில் எழுப்பும் இரைச்சலில் பெரும்பங்கு தாழ்ந்த ஒலி. அது பாட்டின் பேஸை விழுங்கிவிடும். கேட்பவர் சத்தத்தைக் கூட்டுவார், கூடவே குரலும் ஜால்ராவும் ஏறும், வீட்டுக்கு வந்து சேரும்போது காது 'ஙொய்' என்று இருக்கும்.

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு: 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83-இல் 20 மணி, 86-இல் 10, 89-இல் 5. பொங்கோலிலிருந்து நகருக்குப் போக 45 நிமிடம், வர 45 நிமிடம், வாரம் ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டால் ஏழரை மணி நேரம். 86-இல் கேட்டால் வரம்புக்குள். இரைச்சலைத் தோற்கடிக்க 89-க்கு ஏற்றினால் வாராவாரம் இரண்டரை மணி நேரம் கூடுதல். ஆக, வெளிச்சத்தத்தைத் தடுப்பது வெறும் சொகுசு இல்லை. அது எவ்வளவு தடுக்கிறதோ அவ்வளவு குறைந்த சத்தத்தில் நீங்கள் கேட்கலாம்.

கம்பி இயர்போனில் இந்த வேலையைச் செய்வது டிப்பும் கூட்டின் வடிவமும்தான். காது மடல் குழியை நிறைத்து உட்காரும் கூடு நன்றாகத் தடுக்கும். பின்பக்கம் பெரிய துளைகள் உள்ளது தடுக்காது. தடுப்பதில் இன்னும் முதல் வரிசையில் நிற்பது எடிமோட்டிக் நிறுவனத்தின் இஆர்-4 வம்சம். 1991-இல் வந்தது, மூன்றடுக்கு டிப்போடு குழாயின் ஆழம்வரை போகும். முதல்முறை போடுபவர்களுக்குக் காது மருத்துவரிடம் போன உணர்வு வரும், பலர் அதோடு கழற்றி வைத்துவிடுவார்கள். அதன் பேஸும் அடக்கமானது, குத்துப்பாட்டுக்கு எடுபடாது.

இரைச்சலை மின்னணு முறையில் நீக்கும் வயர்லெஸ் இயர்போன்கள் ரயில், விமானம் இரண்டிலும் இதைவிடக் கெட்டி. அவற்றின் பலமே தாழ்ந்த ஒலியை அடக்குவதில்தான். பயணமே பிரதானம், வீட்டில் அதிகம் கேட்பதில்லை என்றால் தயங்காமல் அதை வாங்குங்கள். ஆனால் இரண்டு மூன்று ஆண்டில் அந்தக் குட்டி மின்கலம் சோர்ந்துவிடும், பெரும்பாலும் மாற்றவும் முடியாது. கம்பி இயர்போனில் வயரை மாற்றிக்கொண்டு பல ஆண்டு ஓட்டலாம். ஐபோன் வைத்திருப்பவர்கள் எல்டாக் (வயர்லெஸ்ஸில் ஒலியை அதிக விவரத்தோடு அனுப்பும் முறை) என்ற சொல்லுக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். ஐபோன் அந்த முறையில் அனுப்பாது, பெரும்பாலும் ஏஏசி என்ற முறையில்தான்.

அதிகம் தடுக்கும் இயர்போன் போட்டால் ரயில் அறிவிப்பு எந்த மொழியில் வந்தாலும் உங்களுக்கு எட்டாது. சாலையைக் கடக்கும்போது ஒரு பக்கத்தையாவது கழற்றிவிடுங்கள்.

கைப்பேசியில் செருக என்ன வேண்டும்

ஐபோனில் 2016-க்குப் பிறகு வந்தவற்றில் 3.5 மில்லிமீட்டர் துளை இல்லை. ஆண்ட்ராய்டிலும் பெரும்பாலானவற்றில் போய்விட்டது. ஐபோன் 15 முதல் யுஎஸ்பி-சி, அதற்கு முன் லைட்னிங். எதுவானாலும் ஒரு குட்டி அடாப்டர் வேண்டும், கடைக்காரர் பேச்சில் டாங்கிள். ஆப்பிளின் யுஎஸ்பி-சி டாங்கிள் சுமார் 1 வோல்ட் தரும். ஐரோப்பாவில் விற்பது அதில் பாதிதான் தருமாதலால் அங்கே போகும் உறவினரிடம் சொல்லி வாங்காதீர்கள். சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ஆப்பிள் டாங்கிள் முழுச் சத்தம் தராது. அவற்றுக்கு வேறு நிறுவன டாங்கிள் நல்லது. இரண்டு மூன்று வெள்ளிக்குக் கிடைக்கும் அடாப்டர்களில் சிலவற்றுக்குள், எண் வடிவப் பாட்டை ஒலிக்கான மின்னலையாக மாற்றும் டாக் சில்லே இருக்காது. அவை பல கைப்பேசிகளில் செருகினாலும் சத்தம் வராது.

ஒரு வோல்ட் போதுமா? கணக்குப் போட்டே பார்க்கலாம். பெட்டியில் '16 ஓம், 106 டெசிபெல், 1 மில்லிவாட்டுக்கு' என்று இருக்கிறது. அதாவது மின்தடை 16 ஓம், ஒரு மில்லிவாட் கொடுத்தால் எழும் சத்தம் 106 டெசிபெல். 1 வோல்ட்டில் 16 ஓமுக்குள் போவது 1000-ஐ 16-ஆல் வகுத்தால் வரும் 62.5 மில்லிவாட். ஒரு மில்லிவாட்டைவிட இது சுமார் 18 டெசிபெல் கூடுதல். ஆக உச்சம் 124. சராசரி 80-இல் கேட்பவருக்குப் பாட்டின் அதிர்ச்சியான இடங்கள் 100-ஐத் தொட்டாலும் இன்னும் 24 டெசிபெல் கையில் மிச்சம். இந்த இயர்போனுக்குத் தனி ஆம்ப் (சக்தியைக் கூட்டும் கருவி) வாங்கச் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். இதே இயர்போனை இன்னொரு நிறுவனம் '124 டெசிபெல், 1 வோல்ட்டுக்கு' என்று அச்சிட்டிருக்கும். எண் பெரிதாகத் தெரிந்தாலும் பொருள் ஒன்றுதான். ஒப்பிடும் முன் எந்த அலகு என்று பாருங்கள்.

எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. பேலன்ஸ்டு ஆர்மேச்சர் (குட்டி உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் வகை) டிரைவர்கள் பல அடைத்த செட்டுகளின் மின்தடை ஒவ்வோர் ஒலிக்கும் ஏறி இறங்கும். அவற்றைத் தடை அதிகமான வெளியீட்டில் செருகினால் ஒலியின் குணமே மாறும். பழைய மடிக்கணினி, விமான இருக்கை ஆகியவற்றில் இதைக் கேட்கலாம். வெளியீட்டின் தடை இயர்போன் தடையில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது நடைமுறை விதி. 16 ஓமுக்கு 2 ஓம். ஆப்பிள் டாங்கிள் சுமார் 1 ஓம்தான், பிரச்சினையில்லை. ஒரே ஒரு டைனமிக் டிரைவர் (மென்தகடு அதிர்ந்து ஒலிக்கும் வழக்கமான வகை) உள்ள செட்டுகளுக்கு இந்தக் கவலை அநேகமாகக் கிடையாது.

சில டாங்கிள்களில் இருக்கும் தடித்த 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு பிளக் கூடுதல் சக்தி தரும். அதனாலேயே ஒலி உயர்ந்துவிடாது. வெள்ளி வயர், செம்பு வயர் வித்தியாசத்துக்குப் பணம் ஒதுக்காதீர்கள். வயர் முறுக்காமல், லேசாக இருந்தால் போதும்.

எத்தனை டிரைவர் என்பது விற்பனைப் பேச்சு

ஒரு டைனமிக் டிரைவரை நன்றாக டியூன் செய்தது, அவசரமாகச் சேர்த்துக் கோத்த எட்டு டிரைவரைத் தோற்கடிக்கும். மூன்ட்ராப் சூ, 7ஹெர்ட்ஸ் ஸல்நோட்ஸ் ஜீரோ இரண்டும் சுமார் 20 அமெரிக்க டாலருக்கு வந்து, அதற்கு முன் நூறு டாலர் கேட்ட பலவற்றை வெட்கப்பட வைத்தன. ட்ரூத்தியர் ஹெக்ஸா சுமார் 80. மூன்ட்ராப் பிளெஸ்ஸிங் 3 சுமார் 320. எங்கள் அனுபவக் கணிப்பு இது: பதினைந்து வெள்ளியிலிருந்து முப்பதுக்குப் போவது பெரிய தாவல், முப்பதிலிருந்து நூற்றுக்குச் சின்னத் தாவல், நூற்றிலிருந்து நானூறுக்கு நுணுக்கம், அதற்கு மேல் ரசனையும் பெருமையும். முதல் மேம்பாட்டுக்கு 30 முதல் 120 வெள்ளிக்குள் நிற்பது புத்திசாலித்தனம்.

வயர் கழற்றி மாட்டக்கூடியதா என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முதலில் சாவது வயர்தான். 0.78 மில்லிமீட்டர் இரண்டு முள் இணைப்பு எங்கும் கிடைக்கும். கோணலாகக் குத்தினால் முள் வளையும். எம்எம்சிஎக்ஸ் 'டக்' என்று பொருந்திச் சுழலும். சுழன்று சுழன்றே நாளடைவில் தளர்ந்து விட்டு விட்டுக் கேட்கும். எதையும் திருகி இழுக்காமல் நேராக இழுங்கள். இரண்டு முள்ளை ஒரு பக்கம் மட்டும் தலைகீழாக மாட்டிவிட்டால் பேஸ் மெலிந்து, குரல் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றி மிதக்கும். இயர்போன் கெட்டுவிட்டது என்று நினைக்கும் முன் அந்த முள்ளைக் கழற்றித் திருப்பி மாட்டிப் பாருங்கள்.

கடையில் உட்கார்ந்து கேட்பது

சிட்டி ஹால் பக்கம் கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள அடெல்ஃபி கட்டடம் ஆடியோ கடைகளுக்குப் பேர்போனது. ரோச்சோரில் சிம் லிம் ஸ்கொயர். கேட்டுப் பார்க்க விடும் கடைக்கு, கூட்டமில்லாத வாரநாள் மதியம் போங்கள். கையோடு கொண்டுபோக வேண்டியவை: உங்கள் கைப்பேசி, உங்கள் டாங்கிள், காதுக்குப் பொருந்தும் என்று உறுதியான உங்கள் டிப், ஆல்கஹால் துடைப்பான் நாலைந்து. கடை டிப்பில் கேட்டுவிட்டு முடிவெடுப்பது அடுத்தவர் கண்ணாடியைப் போட்டுப் பார்ப்பதற்குச் சமம்.

பாட்டுகளை முன்பே இறக்கி வையுங்கள். நாலு போதும், ஆனால் ஒவ்வொரு நொடியும் மனப்பாடமாக இருக்க வேண்டும். புதிதாக வந்த பாட்டு வேண்டாம்.

ஒன்று மிருதங்கம் தெளிவாகக் கேட்கும் கச்சேரிப் பதிவு. வலப்பக்கமான வலந்தலையின் 'நம்' உலோகம் போல் கணீரென்று நிற்கிறதா, இடப்பக்கமான தொப்பியின் 'தொம்' அதிலிருந்து தனியாக, உருண்டையாக விழுகிறதா என்று கவனியுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு 'தப் தப்' என்று மட்டும் வந்தால் பேஸ் வீங்கி நடுவொலியை மூடுகிறது. 'தொம்' வெறும் தட்டலாக வந்தால் பேஸ் இல்லை, அல்லது டிப் கசிகிறது. அதே பதிவில் தம்புராவைத் தேடுங்கள். நல்ல செட்டில் அது குரலுக்குப் பின்னே மெல்லிய திரைபோல் விடாமல் இழைந்துகொண்டிருக்கும். மந்தமான செட்டில் பாடகர் நிறுத்தும்போது மட்டும் எட்டிப் பார்க்கும்.

இன்னொன்று பெண் குரல், வாத்தியம் குறைவான பாட்டு. 'ச'கரங்கள் குத்துகின்றனவா, மூச்சு வாங்குவது கேட்கிறதா பாருங்கள். மூன்றாவது நாதஸ்வரம். 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியை மிகையாக்கும் செட்டை நாதஸ்வரம் அரை நிமிடத்தில் காட்டிக்கொடுத்துவிடும், காது கூசும். நான்காவது நீங்கள் அதிகம் கேட்கும் சினிமாப் பாட்டு, பறையோ உறுமியோ இருந்தால் நல்லது. எழுபதுகளின் பழைய பதிவுகளே உங்கள் உயிர் என்றால், டிரெபிள், அதாவது மேல் ஒலி, கூர்மையாக உள்ள செட் அந்த நாடாவின் 'உஸ்' ஒலியையும் சேர்த்தே தூக்கிக் காட்டும். உங்களுக்குக் கொஞ்சம் வெதுவெதுப்பான ஒலிதான் பொருத்தம். ஒலி 96.8 வானொலியைச் செயலியில் கேட்பதே முக்கால்வாசி வேலை என்றால் இந்தத் தேர்வெல்லாம் தேவையில்லை, பேச்சு தெளிவாக இருந்தால் போதும்.

ஏமாறும் இடம் சத்தம். இரண்டு செட்டில் ஒன்று ஒரே ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலித்தாலும் அதுதான் 'தெளிவானது', 'உயிருள்ளது' என்று மனம் சொல்லும். செட் மாற்றும் ஒவ்வொரு முறையும் அதே குரல் வரியைப் போட்டு, குரலின் உரப்பு ஒன்றாகும்வரை கைப்பேசியில் ஏற்றி இறக்கிவிட்டு, அதன் பிறகு ஒப்பிடுங்கள். சத்தப் பொத்தானில் ஒரு படியே பெரிய மாற்றம் தரும் கைப்பேசி என்றால் பாட்டுச் செயலிக்குள் இருக்கும் சத்தக் கோட்டைப் பயன்படுத்துங்கள்.

பிடித்த செட்டை இருபது நிமிடமாவது கழற்றாமல் கேளுங்கள். முதல் இரண்டு நிமிடத்தில் பளிச்சென்று கவர்வது இருபதாவது நிமிடத்தில் களைப்பூட்டலாம். நாசில் வலியும் அப்போதுதான் தெரியவரும். அமைதியான கடையில் பேஸ் ஒரு சிட்டிகை கூடுதலாகத் தோன்றுவது, ரயிலில் சரியாக இருக்கும். வீட்டில் மட்டும் கேட்பவர்கள் இந்தச் சலுகையைத் தர வேண்டாம்.

வரைபடங்கள்

இணையத்தில் ஒவ்வோர் இயர்போனுக்கும் அலைவரிசை வரைபடம், அதாவது தாழ்ந்த ஒலி முதல் மேல் ஒலிவரை எதை எவ்வளவு உரக்கத் தருகிறது என்று காட்டும் கோடு, கிடைக்கிறது. அந்தப் பெரும் தொகுப்புகளில் ஒன்றை உருவாக்கிய க்ரினகிள் சிங்கப்பூர்க்காரர். பிளெஸ்ஸிங் 2 டஸ்க், ஜீரோ 2 போன்றவை அவரோடு சேர்ந்து டியூன் செய்தவை. வரைபடத்தை வைத்து, கேட்கப்போகும் செட்டுகளைப் பத்திலிருந்து மூன்றாகக் குறைக்கலாம், அவ்வளவுதான். ஒரே அளவீட்டுக் கருவியில் எடுத்தவற்றை மட்டும் ஒப்பிடுங்கள். 8 கிலோஹெர்ட்ஸ் அருகே தெரியும் சிகரம் பெரும்பாலும் செயற்கைக் காதின் ஒத்ததிர்வு. உங்கள் காதில் அது வேறிடத்தில் விழும். இயர்போன் ஆழமாகப் போனால் மேலேறும், மேலோட்டமாக உட்கார்ந்தால் கீழிறங்கி 'ஸ'வோடு மோதும்.

வாங்கும்போது

வெளிநாட்டு இணையக் கடையில் 400 வெள்ளிவரை உள்ள பொருளுக்கு 2023 முதல் பொருள் சேவை வரி உண்டு. பதிவுபெற்ற தளங்கள் பணம் கட்டும்போதே 9 விழுக்காட்டைச் சேர்த்துவிடும். 400-ஐத் தாண்டினால் சரக்கு நாட்டுக்குள் வரும்போது வரி. அது அனுப்பும் செலவுக்கும் சேர்த்துத்தான். 500 வெள்ளிப் பொருள், 20 வெள்ளி அனுப்பும் செலவு என்றால் 520-க்கு 9 விழுக்காடு, 46.80. கூரியர் நிறுவனம் கையாளும் கட்டணமும் கேட்கலாம். இவற்றைக் கூட்டிப் பார்த்தால் உள்ளூர்க் கடை விலை பல நேரம் இருபது முப்பது வெள்ளிதான் அதிகம். ஒரு பக்கம் மௌனமானால் கையில் கொண்டுபோய்க் கொடுக்க ஓரிடம் இருப்பதற்கு அந்த விலை நியாயம்.

லோக்கல் செட்டா, எக்ஸ்போர்ட் செட்டா (வேறு நாட்டில் விற்பதற்கென்று வந்ததா) என்று கேட்டு, உத்தரவாதம் தருவது யார் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். லெமன் சட்டம் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். கடைக்காரர் பழுதுபார்க்க வேண்டும், அல்லது மாற்றித்தர வேண்டும், அதுவும் முடியாவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பவோ வேண்டும். மறுத்தால் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் போகலாம். 'ஒலி எனக்குப் பிடிக்கவில்லை' என்பது குறை ஆகாது.

பழைய பொருள்களை விற்கும் கரோசல் தளத்தில் தனியாளிடம் வாங்குவதற்கு இந்தச் சட்டம் துணைக்கு வராது, அங்கே உங்கள் காதுதான் துணை. ரயில் நிலையத்தில் சந்திக்கும்போது உங்கள் டிப்பைப் போட்டு, கைப்பேசி அமைப்பில் மோனோவை (இரு காதுக்கும் ஒரே ஒலி) இயக்கி, ஒரு குரலை ஓடவிடுங்கள். குரல் மூக்குக்கு நேரே நிற்க வேண்டும். வலப்பக்கம் சாய்ந்தால் இரண்டு பக்கத்தையும் காது மாற்றி மாட்டுங்கள். சாய்வும் பக்கம் மாறினால் பழுது இயர்போனில்; மாறாமல் வலப்பக்கமே நின்றால் உங்கள் காது அழுக்கையோ டிப்பையோ பாருங்கள். பிறகு 20 ஹெர்ட்ஸிலிருந்து மேலேறும் ஒலியை ஓடவிட்டு, எங்காவது 'கிர்' என்ற அதிர்வு வருகிறதா என்று கேளுங்கள். இணைப்பு முனையில் பச்சை பூத்திருந்தால் விலை பேசுங்கள், ஆட்டும்போது சத்தம் விட்டுவிட்டு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இந்த ஊர்க் காற்று

சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். வியர்த்த காதிலிருந்து கழற்றியதைக் காற்றுப்புகாத பெட்டியில் அப்படியே அடைத்தால் ஈரத்தையும் சேர்த்து அடைக்கிறீர்கள். துடைத்து, பத்து நிமிடம் வெளியில் வைத்துவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு பெட்டியில் போடுங்கள். வீட்டில் கேமராவுக்கு டிரை கேபினெட் இருந்தால் அதில் ஓர் ஓரம் போதும்.

ஒரு பக்கம் திடீரென்று மெலிந்துவிட்டால், பெரும்பாலும் நாசில் முனையின் வலையில் நீராவியோ காது அழுக்கோ படிந்திருக்கும். டிப்பைக் கழற்றி வெளிச்சத்தில் வலையைப் பாருங்கள். நாசில் தரையைப் பார்த்தபடி கூட்டைப் பிடித்துக்கொண்டு, உலர்ந்த மென்பிரஷ்ஷால் தட்டுங்கள். மேல்நோக்கிப் பிடித்தால் அழுக்கு உள்ளே இறங்கிவிடும். ஒட்டும் பசைமண் உருண்டையை வலையில் ஒற்றி எடுத்தால் மிச்சமும் வரும். ஊசி வேண்டாம், வாயால் ஊதவும் வேண்டாம், அது இன்னும் ஈரம். பிறகு சிலிக்கா ஜெல்லோடு ஓர் இரவு மூடி வையுங்கள். காலையில் மறுபடி மோனோ சோதனை. அப்போதும் சாய்வு போகவில்லையென்றால் வயரை மட்டும் இடம் வலம் மாற்றி மாட்டுங்கள். மௌனம் வயரோடு போனால் புது வயர், கூட்டோடு நின்றால் ரசீதை எடுத்துக்கொண்டு கடைக்கு.